கோணல் கதவிலா, பாடியிலா?

கேள்வி: இங்கிலாந்தில் லெஸ்டர் நகரில் வசிக்கிறேன். பழைய ஏ.சி. கோப்ரா காரின் வடிவத்தில், பாகங்களாக வாங்கி வீட்டிலேயே பூட்டிக்கொள்ளும் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைச் சில காலமாகக் கட்டி வருகிறேன். எஞ்சினும் சக்கரங்களும் ஏறிவிட்டன; ஃபைபர் பாடியைச் சேசிஸின்மேல் உட்காரவைத்துக் கதவுகளையும் மாட்டிவிட்டேன். ஆனால் கதவைச் சுற்றியுள்ள சந்து சரியாக அமையவில்லை. முன் விளிம்பிலும் பின் விளிம்பிலும் மேலே 3 மி.மீ., கீழே 6 மி.மீ. இருக்கிறது. முதலில் பின்புறம்தான் மோசமாக இருந்தது. கீலைத் தளர்த்தி முறுக்கி இரு பக்கமும் சமமாகப் பங்கிட்டேன். அதில் கதவின் பின் மேல்மூலை சற்றுத் தூக்கிக்கொண்டது. இரண்டு கதவுகளும் ஒரே மாதிரி. கிரைண்டரால் கதவின் விளிம்பைத் தேய்த்துவிடலாமா? (கடகடவென்ற சத்தம் வராமலிருக்க வால்புறத் தாங்கிகளில் மட்டும் 12 மி.மீ. ரப்பர் அட்டை வைத்திருக்கிறேன். அதனால் ஏதும் பாதகமுண்டா?)

— வாசகர், லெஸ்டர்

பதில்: தாங்கள் கடிதத்தின் கடைசியில், போகிற போக்கில் கேட்டிருக்கும் அந்த ரப்பர் அட்டைதான், என் அபிப்பிராயத்தில், தங்கள் கஷ்டம் முழுமைக்கும் மூலகாரணம், ஆகையால் கிரைண்டரை இப்போதைக்குத் தொட வேண்டாம். நிலை சாய்ந்துபோன வீட்டில் கதவை இழைத்து இழைத்துச் சிறிதாக்கும் தச்சன், பின்னொரு நாள் நிலையை நிமிர்த்தும்போது கதவு பற்றாமல் விழிப்பானே, அந்த அவஸ்தை தங்களுக்கு நேர வேண்டியதில்லை.

கதவு கோணலா, கதவு பொருந்தும் வாய் கோணலா என்பதைக் கண்டுபிடிக்க ஒரு நிச்சயமான லட்சணம் உண்டு. கீல் தளர்ந்தோ, தவறாக மாட்டப்பட்டோ கதவின் பின்கோடி தொங்கினால், முன் விளிம்பில் மேலே அகன்று கீழே குறுகியும், பின் விளிம்பில் அதற்கு நேர்மாறாக மேலே குறுகிக் கீழே அகன்றும், இரண்டு சந்துகளும் ஒரே திசையில் சாய்ந்து நிற்கும். அதாவது கதவு முழுதும் ஒரு பக்கமாகத் திரும்பியிருக்கிறது என்று பொருள். தங்கள் காரிலோ இரு விளிம்புகளும் மேலே நெருங்கிக் கீழே விலகுகின்றன. கதவை எப்படித் திருப்பினாலும் இந்த உருவம் வராது. வாயின் இரு கரைகளும் மேலே ஒன்றையொன்று நோக்கிச் சாய்ந்தால் மட்டுமே வரும். மேற்கூரையில்லாத இவ்வகைக் காரில் பாடியை இடுப்பில் பிடித்து நிறுத்துவது கதவுக்கடியிலுள்ள மெல்லிய வாசற்படி ஒன்றே. மூக்கையோ வாலையோ தூக்கினால் பாடி இடுப்பில் மடங்கி, கதவு வாயின் மேற்புறம் சுருங்கும். கோடிகள் தொங்கினால் மேற்புறம் விரியும். இரண்டு கதவுகளும் ஒரே குற்றத்தைக் காட்டுவது இதற்கு மற்றொரு சாட்சி. இரண்டு ஜோடிக் கீல்களும் ஒரே அளவில் தவறுவது அபூர்வம்.

கணக்கும் இதற்கு ஒத்துவருகிறது. கதவின் உயரம் சுமார் 450 மி.மீ. என்றும், வால்புறத் தாங்கி கதவின் பின்கரையிலிருந்து சுமார் 900 மி.மீ. தள்ளியிருக்கிறது என்றும் வைத்துக்கொண்டால், வால் 12 மி.மீ. எழும்பும்போது பின்கரையின் மேல்முனை கீழ்முனையைவிட 6 மி.மீ. முன்னே சாயும். முன்னால் 3, பின்னால் 3 என்று தாங்கள் பங்கிட்ட வித்தியாசங்களைக் கூட்டினால் கிடைப்பதும் அந்த 6-தான். முதலில் பின்புறம் மட்டுமே மோசமாக இருந்தது என்று எழுதியிருக்கிறீர்களே, அப்போதே கார் தன் வியாதியைச் சொல்லிவிட்டது. கீலைத் திருப்பிய தங்கள் சாமர்த்தியம் அதை இரண்டு பக்கத்துக்கும் பரப்பிவிட்டதோடு, கதவின் பின்கோடியையும் மேலே தூக்கிவிட்டது. எனவே மூலை எழும்பி நிற்பது தனியான குற்றம் அல்ல.

பரிகாரம் சுலபம். காரைச் சமதளத்தில் அதன் சக்கரங்களின்மேலேயே நிறுத்தி, சேசிஸின் நான்கு மூலைகளிலும் ரசமட்டம் வைத்துப் பாருங்கள். ஸ்டாண்டுகளின்மேல் தூக்கி நிறுத்திப் பார்த்த சந்து இறக்கியதும் மாறக்கூடும். பாடியைப் பிடித்திருக்கும் எல்லாப் போல்ட்டுகளையும் தளர்த்தி, ரப்பர் அட்டைகளை எடுத்துவிட்டு, பாடி முதலில் கதவடி வாசற்படிகளின்மேல் அழுந்தி உட்காரும்படி விடுங்கள். சத்தத்துக்குப் பயமிருந்தால் எல்லாத் தாங்கிகளிலும் ஒரே கனத்தில் 3 மி.மீ. ரப்பர் போடலாம், பாடி முழுவதும் சேர்ந்து உயர்வதால் அது ஒன்றும் செய்யாது. பாடியின் துளைகள் போல்ட்டைவிடச் சற்றுப் பெரிதாகவும் வாஷர் அகலமாகவும் இருக்கட்டும். ஃபைபர் வெயிலில் எஃகைவிட ஏறக்குறைய இருமடங்கு விரிவதால், இறுக்கமான துளையில் விளிம்பு வெடிக்கும்.

அடுத்தபடியாகக் கவனிக்க வேண்டியது கதவு வாயைச் சுற்றி ஒட்டும் ரப்பர் பீடிங். பெரும்பாலோர் பீடிங்கைப் பெயின்ட் அடித்த பிறகு ஒட்டலாம் என்று ஒத்திவைத்து, வெறுங்கதவைக் கண்ணாடிபோல் பொருத்திவிட்டு, பிறகு பீடிங் வெளியே தள்ளக் கதவு துருத்தி நிற்பதைக் கண்டு மனம் நோகிறார்கள். இந்தக் கதவை லாட்ச் ஓரிடத்தில்தான் பிடிக்கிறது. கதவோ உள்ளீடற்ற ஃபைபர் கூடு. ஆகவே பீடிங் தள்ளும்போது பின் கீழ்மூலைதான் முதலில் வெளியே வரும். உள்ளே குழலாயிருக்கும் மிருதுவான பீடிங்கைத் தேர்ந்து, அதை ஒட்டிய பிறகே கதவை ஒழுங்குபடுத்துங்கள். அப்படியும் மூலை துருத்தினால் லாட்ச் பக்கம் ஒரு மரக்கட்டையை அணையாகக் கொடுத்துக் கதவின் அடியை முழங்காலால் மெல்ல அழுத்தி முறுக்குவது கராஜ்களில் வழங்கும் பழைய உபாயம். ஆனால் அது எஃகுக் கதவுக்கே ஆகும்; ஃபைபர் கூடு வளைந்து நிற்காமல் வெடிக்கும்.

கதவுகள் நின்ற பிறகுதான் பானட்டும் டிக்கியும். அவற்றின் விஷயம் கதவு போல் சிக்கலானதல்ல.

இத்தனைக்குப் பிறகு டேப்பை எடுத்து இடது பக்கத்தையும் வலது பக்கத்தையும் ஒப்பிடப் போகிறீர்கள் என்றால், ஒரு விஷயம் சொல்லிவைக்கிறேன். 1953-இல் வந்த ஏ.சி. ஏஸ் காரிலிருந்து அமெரிக்கப் பந்தய வீரர் கரோல் ஷெல்பி 1962-இல் ஃபோர்டு எஞ்சினை ஏற்றிப் பெற்றதே கோப்ரா. அதன் அலுமினியப் பாடிகள் ஏ.சி. தொழிற்சாலை இருந்த தேம்ஸ் டிட்டனில் கையால் தட்டிச் செய்யப்பட்டவை. ஆதலால் மூலக் கார்களிலேயே இடமும் வலமும் அச்சாக ஒத்திருப்பதில்லை. ஃபைபர் பிரதிகள் அந்தப் பிறவிக் குணத்தை ஓரளவு சுவீகரித்துக்கொண்டால் அதில் வியப்பில்லை. சந்து ஓடும் வரி, சற்று எட்ட நின்று பார்க்கும் கண்ணுக்குத் தடையின்றி ஓடினால் போதும். (1957-இல் வந்த லோட்டஸ் செவனைக் கட்டியவர்கள் பாக்கியசாலிகள்; அதன் பாடி பெரும்பாலும் தட்டையான அலுமினியத் தகடு. அக்காலத்தில் பாகங்களாக விற்றால் வரி இல்லை. ஆனால் பூட்டும் முறையை எழுதிக் கொடுக்கக் கூடாது என்ற விதிக்காக, கழற்றும் முறையை அச்சிட்டுக் கொடுத்துத் தலைகீழாகப் படித்துக்கொள்ளச் சொன்னார்கள் என்றொரு கதை அக்காரைப் பற்றி வழங்குகிறது.)

சந்து முழுவதும் 5 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள், பிரைமரும் வர்ணமும் மேற்பூச்சுமாக ஒவ்வொரு விளிம்பும் கால் மில்லிமீட்டர் வரை தடிக்கும் என்பதால் மிகவும் குறைத்தால் பின்னால் பெயின்ட் உரசும். இப்போது மிஞ்சும் மேடுபள்ளங்களுக்குத்தான் கிரைண்டரும், அதைவிட மேலாகத் தட்டை அரமும். தேய்க்கும்போது முகமூடி அவசியம். எங்கேனும் விளிம்பை வளர்க்க வேண்டியிருந்தால் வெறும் பட்டி உதிர்ந்துபோகும். கண்ணாடி இழை கலந்த பட்டிதான் நிற்கும். இன்னொன்று: தனி வாகன அங்கீகாரத்துக்கான ஐ.வி.ஏ. பரிசோதனையில் 100 மி.மீ. விட்டமுள்ள கோளம் தொடக்கூடிய வெளிவிளிம்பெல்லாம் குறைந்தது 2.5 மி.மீ. ஆரத்துக்கு மழுங்கியிருக்க வேண்டும் என்பார்கள்.  துருத்தி நிற்கும் மூலையைக் கோளம் நிச்சயம் தொடும். ஆகவே கதவு சமமாக நிற்பது அழகுக்கு மட்டுமல்லாமல் சர்க்கார் முத்திரைக்கும் வேண்டியிருக்கிறது.

கேள்வி: ஃபைபர் பாடியில் மட்கார்டுகளின்மேல் ஓடும் மெல்லிய மேட்டு வரிகளை உப்புத்தாளால் தேய்த்துவிட்டு உடனே பெயின்ட் அடிக்கலாமா?

— வாசகர், டொரான்டோ

பதில்: அடிக்கக் கூடாது. அவை அச்சின் துண்டுகள் சேர்ந்த இடங்கள்; மேலே மழமழப்பாகத் தெரிந்தாலும் அடியில் காற்றுப்பொத்தல் இருக்கும். வரியோடு ஒரு சாய்வான வாய்க்காலாகத் தோண்டிப் பொத்தல்களைத் திறந்து, இழை கலந்த பட்டியால் நிரப்பி, சில வாரங்கள் வெயில் படும்படி விட்டுவிட்டு, பிறகு நீண்ட கட்டையில் சுற்றிய உப்புத்தாளால் தேயுங்கள். புது ரெசின் இறுகி முடியும்வரை சுருங்கிக்கொண்டேயிருக்கும். அவசரப்பட்டுப் பூசினால் அந்த வரிகள் ஆறு மாதத்தில் பெயின்டின்மேல் தலைகாட்டும். சிறு வரியையும் காட்டிக்கொடுக்கும் கருநீலம் பூசுவதாக உத்தேசமிருந்தால் இன்னும் ஒரு கோடையைக் காத்திருங்கள்.