தூக்கா, நெரிப்பா? பிணக்கூறாய்வில் பிரித்தறியும் முறை

மூச்சுத்தடையால் நேரும் மரணங்களில் முகம் நீலம் பாய்வதும், கண்ணின் வெண்பகுதியில் ரத்தப்புள்ளிகள் தோன்றுவதும், உள்ளுறுப்புகளில் ரத்தம் தேங்குவதும் வழக்கம். ஆனால் மாரடைப்பில் இறந்தவரிடமும் இவை தென்படலாம். ஆகவே இவற்றைக் குறித்துக்கொள்ளலாமே தவிர, இவற்றை வைத்து மட்டும் முடிவுக்கு வரலாகாது.

கழுத்தில் சுருக்கு இருந்தால், முடிச்சை அவிழ்க்கவே கூடாது. முடிச்சிலிருந்து விலகிய இடத்தில் வெட்டி, வெட்டிய முனைகளை நூலால் இணைத்து வைக்க வேண்டும்.

அடுத்தது தடம். தூக்கில் அது பெரும்பாலும் தைராய்டு குருத்தெலும்புக்கு மேலே, சாய்வாக ஏறி, முடிச்சருகே விட்டுப்போயிருக்கும். கயிற்றால் நெரித்திருந்தால் அந்தக் குருத்தெலும்பின் மட்டத்திலோ அதற்குக் கீழோ, கிடைமட்டமாகக் கழுத்தைச் சுற்றியிருக்கும். ஆனால் கால் தரையில் பட்டபடி தொங்கிய உடலில் தூக்குத் தடமும் கிடைமட்டமாக விழக்கூடும். இறந்த பிறகு தொங்கவிட்ட உடலிலும் தடம் பதியும். முடிச்சுக்கு எதிர்ப்புற வாயோரத்தில் எச்சில் வழிந்து காய்ந்த கோடு, உயிரோடு தொங்கியதற்கு வலுவான சான்று. உடலைக் கழுவும் முன்பே அதைப் பார்த்துப் படமெடுத்துவிட வேண்டும்.

பலர் தடுமாறுவது கழுத்தைத் திறப்பதில்தான். முதலில் மண்டை, பிறகு மார்பும் வயிறும், கடைசியில்தான் கழுத்து. இந்த வரிசையை எந்த அவசரத்திலும் மாற்றக் கூடாது. மூளையையும் மார்பு உறுப்புகளையும் எடுத்தால் கழுத்து நாளங்களிலுள்ள ரத்தம் வடிந்துவிடும். வடியுமுன் கத்தி வைத்தால், கசியும் ரத்தம் திசுக்களில் ஊறி, உயிருள்ளபோது பட்ட காயம்போலத் தோன்றும். உணவுக்குழாய்க்குப் பின்னால் தென்படும் இத்தகைய போலிக் கசிவை பிரின்ஸ்லூவும் கார்டனும் 1951-இல் விளக்கினர். ரத்தம் வடிந்த பிறகு தசைகளை ஒவ்வொரு அடுக்காகப் பிரித்துப் பார்க்க வேண்டும். மொத்தமாக வெட்டி எடுப்பது ஆய்வே அல்ல. ஆழ்ந்த தசைகளில் விரவிய ரத்தக்கட்டு நெரிப்பிலேயே அதிகம். தூக்கில் பெரும்பாலும் குறைவு.

நாவடி எலும்பைத் தொடும்போது நிதானம் தேவை. இளம் வயதினரிடம் அதன் கொம்புகள் எலும்பின் நடுப்பகுதியோடு இணையாமல் அசையும். அந்த அசைவு முறிவு ஆகாது. அருகிலுள்ள தசைநாரில் தனியே இருக்கும் சிறு குருத்தெலும்பு உருண்டையும் உடைந்த துண்டுபோல ஏமாற்றும். முறிவைச் சுற்றி ரத்தக்கசிவு இல்லையென்றால், அது இறந்த பிறகோ அறுக்கும்போதோ நேர்ந்திருக்கலாம். வயதானவர்களுக்குத் தூக்கிலும் இந்த எலும்பு முறிவதுண்டு. எனவே முறிவு ஒன்றே கொலைக்குச் சான்றாகாது.

கையால் நெரித்ததைப் பிறை வடிவ நகக்கீறலும் விரல் பட்ட கன்றலும் சொல்லும். வாயையும் மூக்கையும் பொத்தியிருந்தால் உதட்டின் உட்புறத்தில் பல் பதிந்த காயம் இருக்கலாம், எதுவும் இல்லாமலும் போகலாம். கார்பன் மோனாக்சைடு நச்சில் பிணநீலம் செந்நிறமாகத் தெரியும். அதை ரத்தப் பரிசோதனையால் உறுதிசெய்ய வேண்டும்.

திருமணமாகி 7 ஆண்டுகளுக்குள் பெண் இயற்கைக்கு மாறாக இறந்தால் தமிழ்நாட்டில் வருவாய்க் கோட்டாட்சியர் (ஆர்.டி.ஓ.) விசாரணை நடக்கும். அங்கே மருத்துவரின் ஒரு வரி வழக்கையே திருப்பும். சான்று போதாதபோது ஊகத்தை எழுதாமல், இறப்பின் காரணத்தை உறுதிசெய்ய இயலவில்லை என்று எழுதுவதே சரி.