வராதவர்களின் கணக்கு

கொக்கிளாய்,
மாசி மாதம்.

அன்பு மருமகளுக்கு,

நீ அனுப்பிய அறிக்கையை உன் தம்பி போனில் இறக்கித் தந்தான். நாற்பது பக்கத்துக்கு மேல். ஆங்கிலம் பாதிதான் விளங்கியது. அட்டவணைகள் முழுக்க விளங்கின. உள்ளூராட்சியில் முப்பது வருஷம் வருமானப் பரிசோதகராக இருந்தவனுக்கு அதுவும் விளங்காவிட்டால் ஓய்வூதியம் வாங்குவது பிழை.

இங்கிலாந்தில் உங்கள் கவுன்சில் தன் லெஷர் சென்ரர்களை, அதாவது நீச்சல் தடாகமும் ஜிம்மும் உள்ள நிலையங்களை, ஒரு கம்பனியிடம் நடத்தக் கொடுத்து வருஷக்கணக்காகிறது, அது எப்படி நடக்கிறது என்று ஆராயும் குழுவில் இளையோர் சார்பில் உன்னையும் போட்டிருப்பதாகவும், என்ன கேட்பது மாமா என்றும் எழுதியிருந்தாய். நீச்சல் தடாகமே இல்லாத ஊரில் இருக்கிறவனிடம் இதைக் கேட்கிறாயே என்று சிரித்தேன். ஆனால் பொதுச் சொத்தைக் குத்தகைக்குக் கொடுத்துவிட்டு அதை மேற்பார்வை செய்வது எங்களுக்குப் பழகின வேலைதான். சந்தை, இறைச்சிக்கடை, பஸ் நிலைய மலசலகூடம், சைக்கிள் பாதுகாப்பு நிலையம் என்று எத்தனையோ. கார்த்திகை, மார்கழியில் கேள்விப்பத்திரம் கோருவோம். கூடிய விலை கேட்டவருக்கு அடுத்த வருஷக் குத்தகை.

முதலில் என் பிழை ஒன்றைச் சொல்கிறேன். சபையின் பெயர் வேண்டாம், வேறு மாவட்டம். அங்கே ஒரு சிறுவர் பூங்காவைக் குத்தகைக்குக் கொடுத்திருந்தோம். குத்தகைக்காரர் தவணை தப்பாமல் காசு கட்டுவார். பற்றுச்சீட்டு, பதிவேடு எல்லாம் கண்ணாடி மாதிரி. ஒரு முறைப்பாடும் இல்லை. மூன்று தரம் போய்ப் பார்த்து, மூன்று தரமும் 'திருப்திகரம்' என்று எழுதினேன். நாலாம் தரம் ஒரு மழை நாளில் ஒதுங்குவதற்காகத்தான் போனேன். இரண்டு ஊஞ்சலில் ஒன்றின் சங்கிலி துருப்பிடித்து அறுந்து, நைலோன் வலைக்கயிற்றால் தூக்கிக் கட்டியிருந்தது. கயிற்றில் பாசி பிடித்துக் கிடந்தது. எட்டு மாதமாம். திருத்துவது சபையின் வேலை என்றார் குத்தகைக்காரர். கந்தோருக்கு வந்து கேட்டால், அது அவர் வேலை என்றார்கள். ஒப்பந்தத்தைப் புரட்டினேன். 'பராமரிப்பு' என்று ஒரே ஒரு சொல். யார், எதை, எத்தனை நாளுக்குள் என்று ஒன்றுமில்லை. கம்பி வேலிக்கு வெளியே நாலு பிள்ளைகள் வலைக்கண்ணில் விரலைக் கோர்த்தபடி உள்ளே பார்த்துக்கொண்டு நின்றார்கள். ரிக்கற்றுக்குக் காசில்லை. அவர்கள் எந்தப் பதிவேட்டிலும் இல்லை, என் அறிக்கையிலும் இல்லை.

ஆகவே உன் முதல் கேள்வி, காசு எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதாக இருக்கட்டும். எங்கள் பக்கம் குத்தகைக்காரர் சபைக்குக் கட்டுவார். உங்கள் பக்கம் சில இடத்தில் கம்பனி கவுன்சிலுக்குக் கட்டும், சில இடத்தில் கவுன்சில்தான் கம்பனிக்குக் கொடுக்கும். ஜிம் இலாபம் தரும், தடாகம் காசைக் குடிக்கும். தண்ணீரைச் சூடாக்க எவ்வளவு எரிவாயு வேண்டும் என்று யோசித்துப் பார். எரிபொருள் விலை ஏறிய பிறகு, 2023இல் பிரித்தானிய அரசு இங்கிலாந்தின் தடாகங்களைக் காப்பாற்ற 6 கோடி 30 இலட்சம் பவுண் ஒதுக்க வேண்டி வந்தது. விலை ஏறினால் அந்தப் பாரம் யார் தலையில் என்று உங்கள் ஒப்பந்தம் என்ன சொல்கிறது? கூரை ஒழுகினால் யார், பொயிலர் நின்றால் யார்? ஊஞ்சல் சங்கிலிக் கதையை மறக்காதே.

நிலையங்களைக் கம்பனியிடம் கொடுக்கிற இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்றும் தெரிந்துகொள். தட்சர் அம்மையார் காலத்து 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ், அடுத்த வருஷம் வந்த ஒரு கட்டளை விளையாட்டு, ஓய்வுநேர நிலையங்களை நடத்துவதையும் கேள்விப்பத்திரத்துக்கு விடவேண்டும் என்று கவுன்சில்களைக் கட்டாயப்படுத்தியது. 2000இல் அந்தக் கட்டாயம் போய்விட்டது, பழக்கம் போகவில்லை. லண்டன் கிறீனிச்சில் 1993இல் ஊழியர்களே சேர்ந்து தொடங்கிய ஒரு நிறுவனம் இன்று எத்தனையோ கவுன்சில்களின் நிலையங்களை நடத்துகிறது. இப்போது காற்று மற்றப் பக்கமும் வீசுகிறது. லண்டனிலேயே சதக் கவுன்சில் 2023 ஆனியிலும், ரவர் ஹம்லெற்ஸ் கவுன்சில் 2024 மேயிலும் தங்கள் நிலையங்களைத் திருப்பித் தங்கள் கையில் எடுத்துக்கொண்டன.

இதைக் கேட்டவுடன், எல்லாவற்றையும் கவுன்சிலே நடத்தட்டும் என்று எழுதிவிடாதே. அரசாங்கக் கந்தோருக்குள் இருந்தவன் நான். நாங்களே நேரடியாக நடத்திய பூங்காக்களிலும் பகல் சாப்பாட்டு நேரத்தில் பூட்டுத்தான் தொங்கும். இரவு பத்து வரை திறந்து வைப்பதும், போனிலேயே நேரம் பதிய வைப்பதும் கம்பனிக்காரன் செய்த நன்மை என்றால் அதையும் எழுது. எங்கள் ஒரு வருஷக் குத்தகையில் எவனும் ஆணி கூட அடிக்கமாட்டான், அடுத்த வருஷம் தனக்குக் கிடைக்குமோ தெரியாதே. உங்கள் பத்து வருஷ ஒப்பந்தத்தில் முதலீடு வரும், அதோடு நித்திரையும் வரும். குறைபாட்டுக்காகக் கவுன்சில் இதுவரை எத்தனை தரம் காசு கழித்தது என்று கேள். ஒரு தரமும் இல்லையென்றால், ஒன்றில் அந்தக் கம்பனிக்காரர் தேவர்கள், அல்லது பார்க்க வேண்டியவர்கள் பார்க்கவில்லை.

அறிக்கையில் 'வருகை கூடியிருக்கிறது' என்று பச்சை அம்புக்குறி போட்டிருக்கிறார்கள். வருகை வேறு, ஆள் வேறு. ஒருவர் கிழமைக்கு நாலு தரம் போனால் வருஷத்தில் 208 வருகை. இப்படி ஐம்பது பேர் போனால் 10,400. அந்த ஐம்பது பேரும் ஒரே தெருக்காரராகவும் இருக்கலாம். எத்தனை தனி ஆட்கள், எந்த வட்டாரத்திலிருந்து, பெண்கள் எத்தனை, அறுபது தாண்டியவர்கள் எத்தனை, சலுகைக் கட்டணத்தில் எத்தனை என்று பிரித்துக் கேள். அட்டையைத் தேய்த்துத்தான் உள்ளே போகிறீர்கள், ஆகவே கணக்கு அவர்களிடம் இருக்கும். முறைப்பாடு குறைந்திருக்கிறது என்பதையும் நம்பாதே. எங்கள் சனம் முறைப்பாடு எழுதுமா? போகாமல் விட்டுவிடும்.

கட்டணம் ஒரு வேலி. சென்னையில் 2024 ஒக்டோபரில் மாநகராட்சி தன் செயற்கைப் புல் உதைபந்தாட்டத் திடல்கள் ஒன்பதைத் தனியாரிடம் கொடுத்து, ஆளுக்கு மணிக்கு 120 ரூபாய் வாங்கத் தீர்மானம் போட்டது. வியாசர்பாடி மாதிரி, பிள்ளைகள் பந்தோடு பிறக்கிற இடங்கள் உள்ள நகரம் அது. எதிர்ப்பு வந்து ஓரிரு நாளிலேயே தீர்மானத்தைத் திருப்பி எடுத்தார்கள். வருமானம் எவ்வளவு வரும் என்று கணக்குப் பார்த்தவர்கள், அந்தக் காசு இல்லாத பொடியன் எங்கே போய் விளையாடுவான் என்று கணக்குப் பார்க்கவில்லை.

கட்டணம் மட்டும்தான் வேலி என்றும் நினைக்காதே. நம் ஊரையே பார். 1984 மார்கழியில் சண்டையால் விட்டுப்போன இந்த ஊருக்கு, அது முடிந்த பிறகுதான் எங்கள் சனம் திரும்பி வந்தது. பற்றை வெட்டி ஒரு வெளியைத் துப்புரவாக்கினோம். குத்தகையும் இல்லை, ரிக்கற்றும் இல்லை. அப்படியிருந்தும் பின்னேரம் ஐந்து மணிக்குப் போனால் பொடியள் மட்டும்தான். வலைப்பந்துக் கம்பம் நட்ட பிறகுதானே நீயும் உன் சிநேகிதிகளும் வந்தீர்கள்? அதுவும் கிரிக்கெற் முடியும்வரை மதகில் காத்திருந்து, இருட்டுகிற நேரம். 'இனிப் போதும், வீட்டுக்கு வா' என்று உன் அம்மா கூப்பிடுகிற நேரம்தான் உங்கள் முறை வரும். திடல் இருந்தது, உங்களுக்கு நேரம் இல்லை. உங்கள் நிலையங்களில் பெண்களுக்கு மட்டுமான நீச்சல் நேரம் எந்த நாள், எந்த மணி என்று பார். வேலைக்குப் போகிறவளும் பிள்ளையைப் பள்ளியில் விடுகிறவளும் போகமுடியாத மணியில் வைத்துவிட்டு, பெண்கள் வருவதில்லை என்று எழுதியிருப்பார்கள்.

பத்திரங்களைக் கேட்டு வாங்கலாம். இலங்கையில் எங்களுக்கு 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. 2017 மாசி 3 முதல் நடைமுறையில். பதினாலு வேலை நாளுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்லவேண்டும். உங்கள் சட்டம் 2000ஆம் ஆண்டினது, 2005இலிருந்து நடைமுறையில், இருபது வேலை நாள். 'வர்த்தக இரகசியம்' என்று கையை விரிப்பார்கள். ஒப்பந்தத்தில் மறைத்த இடம் எது என்று பார்த்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

மிச்சத்தைக் கண்ணால் பார். குழுவோடு போகாதே. குழு வருகிற நாளில் எல்லாக் குழாயிலும் சுடுதண்ணீர் வரும். தனியாக, சாதாரண செவ்வாய்க்கிழமை ஒன்றில், பின்னேரம் இரண்டு மணிக்குப் போ. உடுப்பு மாற்றும் அறையில் எத்தனை பூட்டு உடைந்திருக்கிறது என்று எண்ணு. 'பழுது' என்று ஒட்டிய கடதாசியில் திகதி இருக்கிறதா பார். இருந்தால் படம் எடு, இல்லாவிட்டால் அதையும் எழுது. துப்புரவு செய்கிற அக்காவிடம் எத்தனை வருஷம் இங்கே என்று கேள். உயிர்காப்பு வேலை செய்கிற பிள்ளை போன மாதம்தான் சேர்ந்தது, அதற்கு முந்தின மாதம் வேறொருவர் என்றால், சம்பளத்தில் மிச்சம் பிடிக்கிறார்கள் என்று விளங்கும். பிறகு வெளியே வந்து எதிர் பஸ் தரிப்பில் அரை மணித்தியாலம் நில். அந்தக் கட்டடத்தைக் கடந்து போகிற, உள்ளே ஒருநாளும் போகாத ஆட்களில் பத்துப் பேரிடம் ஏன் போவதில்லை என்று கேட்டுக் கொப்பியில் அவர்கள் சொன்ன சொல்லிலேயே எழுது. குழுவில் மற்றவர்கள் கம்பனி தந்த அட்டவணையைத்தான் வைத்திருப்பார்கள். இந்தப் பத்துப் பேரும் உன்னிடம் மட்டும்தான் இருப்பார்கள்.

களப்பில் தண்ணீர் வற்றத் தொடங்கிவிட்டது. உன் தம்பி இன்னும் அங்கேதான் நீந்துகிறான், எத்தனை சொன்னாலும் கேட்கிறானில்லை. செவ்வாய்க்கிழமை போய்வந்து எனக்கு அழை. நீ அங்கே நாலு மணிக்கு வெளியே வந்தால் இங்கே இரவு ஒன்பதரை, முழித்திருப்பேன்.

அன்புடன்,
மாமா