சுடு தேத்தண்ணியும் பிளாஸ்டிக் போத்தலும்



காலையில் பிரட்டுக்குப் போகும் அவசரத்தில் நம்மில் பலர் கொதிக்கக் கொதிக்கத் தேத்தண்ணியைப் பழைய சோடாப் போத்தலில் ஊற்றி மலைக்குக் கொண்டு போகிறோம். அந்தச் சூட்டில் போத்தல் நெளிந்து போவதை எல்லோரும் பார்த்திருப்போம். ஆனால் அதிலிருந்து உதிர்ந்து தேத்தண்ணியில் கலக்கும் தூளை யாரும் பார்த்திருக்க முடியாது. இந்த முறை அதைப் பற்றித்தான் படிக்கப் போகிறோம்.

உதிர்வது என்ன?

5 மில்லிமீற்றரை விடச் சிறிய பிளாஸ்டிக் துண்டுகளை நுண் பிளாஸ்டிக் என்கிறார்கள். ஒரு மில்லிமீற்றரை ஆயிரம் பங்காக்கினால் வரும் ஒரு பங்கை விடச் சிறியவை நனோ பிளாஸ்டிக். போத்தல் பழசானால், கீறல் விழுந்தால், மூடியைத் திருகித் திருகித் திறந்தால் இவை உதிரும். சூடு பட்டால் இன்னும் கூடும்.

ஆராய்ச்சி சொல்வது

2019ஆம் ஆண்டு கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் பிளாஸ்டிக்கால் செய்த டீ பேக்குகளைச் சோதித்தார்கள். தூளை எடுத்துவிட்டு, வெறும் பையை 95 பாகைச் சுடுநீரில் ஊற வைத்தார்கள். ஒரு பையிலிருந்து ஒரு கோப்பைக்கு சுமார் 1,160 கோடி நுண் துகளும் 310 கோடி நனோ துகளும் வந்ததாகக் கணக்கிட்டார்கள். இந்தக் கணக்கு கூடிப் போயிருக்கலாம் என்று சொன்ன விஞ்ஞானிகளும் உண்டு. ஆனால் சூட்டில் பிளாஸ்டிக் உதிரும் என்பதை அடுத்து வந்த ஆராய்ச்சிகளும் காட்டின. நாம் பறிக்கும் கொழுந்தில் குற்றமில்லை, அதை அடைக்கும் பையில்தான் குற்றம்.

2020ஆம் ஆண்டு அயர்லாந்தின் டப்ளின் திரினிட்டி கல்லூரியில் குழந்தைகளின் பிளாஸ்டிக் பால் போத்தலைச் சோதித்தார்கள். 25 பாகைத் தண்ணீரில் லீற்றருக்கு சுமார் 6 லட்சம் துகள். 95 பாகையில் சுமார் 5 கோடி 50 லட்சம். சூடு செய்யும் வேலை இதுதான்.

கடதாசிக் கோப்பையும் தப்பவில்லை. அதன் உட்பக்கம் மெல்லிய பிளாஸ்டிக் படலம் இருக்கிறது. சுடுநீரை 15 நிமிடம் வைத்தால் 100 மில்லிலீற்றரில் சுமார் 25,000 துகள் சேர்வதாக இந்தியாவின் கரக்பூர் ஐ.ஐ.டி. கண்டது.

உடம்புக்கு என்ன செய்யும்?

2022இல் நெதர்லாந்தில் மனித இரத்தத்தில் பிளாஸ்டிக் இருப்பதைக் கண்டார்கள். 2024இல் இத்தாலி வைத்தியர்கள், கழுத்து இரத்தக் குழாயின் கொழுப்பில் பிளாஸ்டிக் இருந்தவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம், மரணம் கூடுதலாக வந்ததைக் கண்டார்கள். பிளாஸ்டிக்தான் காரணம் என்று அது இன்னும் நிரூபிக்கவில்லை. அதனால் பயந்து நடுங்க வேண்டாம், அசட்டையாகவும் இருக்க வேண்டாம்.

ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. பீலித் தண்ணியைக் கொதிக்க வைக்காமல் குடித்தால் வயிற்றோட்டமும் நெருப்புக் காய்ச்சலும் வரும். அந்த ஆபத்து பெரியது. ஆகவே தண்ணியைக் கட்டாயம் கொதிக்க வையுங்கள். கொதித்ததைப் பிளாஸ்டிக்கில் சூட்டோடு ஊற்றாதீர்கள்.

நாம் செய்யக்கூடியவை

1. தேத்தண்ணியை எவர்சில்வர் போத்தலில் அல்லது தூக்குவாளியில் கொண்டு போகலாம். பிளாஸ்டிக் போத்தல்தான் இருக்கிறது என்றால் நன்றாக ஆற வைத்து ஊற்றுங்கள். கீறல் விழுந்த போத்தலைக் கழித்துவிடுங்கள்.

2. ஆறு மாதம் வரை குழந்தைக்குத் தாய்ப்பாலே போதும். பிள்ளை மடுவத்துக்குப் பால்மா கொடுக்க நேர்ந்தால், சுடுநீரில் கரைப்பதை எவர்சில்வர் பாத்திரத்தில் செய்து, ஆறிய பின் போத்தலில் ஊற்றுங்கள். போத்தலை அவித்துச் சுத்தம் செய்வதை விடக் கூடாது. அவித்த பின் கொதித்தாறிய தண்ணியால் மூன்று முறை அலசுங்கள். கோப்பையும் கரண்டியும் பழக்குவது இன்னும் நல்லது. மருத்துவமாதுவிடம் கேளுங்கள்.

3. சுடு குழம்பைச் சொப்பிங் பேக்கில் வாங்காமல் வீட்டிலிருந்து வாளி கொண்டு போங்கள். ரொட்டியை வாழையிலையில் சுற்றலாம். லன்ச் சீட் 2017 செப்டெம்பரிலேயே தடை செய்யப்பட்டது.

4. திருவிழா, கல்யாண வீடுகளில் எவர்சில்வர் டம்ளர் பாவியுங்கள். பாவித்து வீசும் பிளாஸ்டிக் கோப்பைக்கு 2023 ஒக்டோபரில் தடை வந்தது.

5. கழித்த பிளாஸ்டிக்கை அடுப்பில் போட்டு நெருப்பு மூட்டாதீர்கள். அந்தப் புகை நஞ்சு.

எல்லாவற்றையும் ஒரே சம்பளத்தில் மாற்ற முடியாது என்பது நமக்குத் தெரியும். முதலில் குழந்தையின் பாலைக் கவனிப்போம். அடுத்து மலைக்குப் போகும் தேத்தண்ணி. ஆற வைத்து ஊற்றுவதற்குக் காசு தேவையில்லை, கொஞ்சம் முன்னால் அடுப்பு மூட்டினால் போதும்.

பிள்ளைகளுக்கு: இதை வீட்டில் வாசித்துக் காட்டி, அம்மா அப்பாவிடம் கேளுங்கள்.

1. பிளாஸ்டிக் கூடுதலாக உதிர்வது எப்போது?
2. பால்மாவை எந்தப் பாத்திரத்தில் கரைக்க வேண்டும்?
3. நம் வீட்டில் சூடு படும் பிளாஸ்டிக் சாமான்கள் எத்தனை? எண்ணிப் பாருங்கள்.