கலிபோர்னியாவில் இறந்தவரின் சொத்து: புரொபேட்டா, பிரமாணப் பத்திரமா?

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் இறந்தவர் பெயரிலுள்ள வங்கிப் பணத்தையும் பங்குகளையும் வாரிசுகள் பெறுவதற்குரிய முழுமையான வழி புரொபேட் ஆகும். உயில் இருந்தால் அதை மெய்ப்பித்து, கடன்களைத் தீர்த்து, எஞ்சியதைப் பங்கிடும் பணி அதில் நீதிமன்றத்தின் மேற்பார்வையில் நடைபெறுகிறது. சொத்து சிறியதாயின், தமக்கே உரிமை உண்டென உறுதிகூறும் பிரமாணப் பத்திரத்தை இறப்புச் சான்றிதழுடன் வங்கியிடம் கொடுத்தே வாரிசுகள் பணத்தைப் பெறலாம்.

பத்திர வழிக்கு, இறந்து 40 நாள் கழிந்திருக்க வேண்டும். 2025 ஏப்ரல் 1 முதல் நேர்ந்த இறப்புகளில் சொத்தின் மதிப்பு 2,08,850 டாலரைத் தாண்டக் கூடாது. இக்கணக்கில் கடன்கள் கழிக்கப்படுவதில்லை என்றாலும், கூட்டுரிமையால் உயிரோடிருப்பவரைச் சேரும் சொத்து, அறக்கட்டளையில் வைத்த சொத்து, நியமனதாரர் குறிக்கப்பட்ட கணக்கு, வாகனம் ஆகியவை சேர்க்கப்படாததால், செல்வந்தர் எனக் கருதப்பட்டவரின் சொத்தும் சில வேளைகளில் இவ்வரம்புக்குள் அடங்கிவிடுகிறது. வங்கியில் கொடுக்கும் பத்திரத்தால் வீடு கைமாறாது. இறந்தவர் குடியிருந்த வீடு 7,50,000 டாலருக்கு மிகாததாயின், புரொபேட்டைவிடச் சுருக்கமான நீதிமன்ற மனு ஒன்று அதற்கென உண்டு.

செலவில் வேறுபாடு பெரிது. புரொபேட்டில் வழக்கறிஞருக்குச் சட்டம் வகுத்த கட்டணம் முதல் 1,00,000 டாலருக்கு 4 சதவீதமும் அடுத்த 1,00,000 டாலருக்கு 3 சதவீதமும் ஆகும்; சொத்தை நிர்வகிப்பவரும் அதே அளவு பெறலாம் என்பதால், 2,00,000 டாலர் சொத்தில் 14,000 டாலர் இவ்விருவருக்கே போய்விடக்கூடும். பத்திரத்துக்கு ஆகும் செலவு அற்பமே.

ஆயினும் மலிவை மட்டும் பார்த்து முடிவெடுப்பது பிழை. புரொபேட்டில் நிர்வாகி நியமிக்கப்பட்டபின், கடன் கொடுத்தோர் பொதுவாக 4 மாதத்துக்குள் தம் கோரிக்கையைத் தாக்கல் செய்ய வேண்டும். பத்திர வழியில் அத்தகைய கோரிக்கை நடைமுறை ஏதும் இல்லாததால், கையெழுத்திட்டவரே தாம் பெற்ற சொத்தின் மதிப்பளவுக்கு இறந்தவரின் ஈடில்லாக் கடன்களுக்குப் பொறுப்பாகிறார். மேலான உரிமையுடைய வாரிசு பின்னர் தோன்றினால் அவருக்கும் பதில் சொல்லியாக வேண்டும். ஆகவே வாரிசுகளுக்குள் பிணக்கோ, தெளிவற்ற உயிலோ, கடன் மிகுதியோ இருக்குமிடத்தில், வரம்புக்குள் அடங்கும் சொத்துக்கும் புரொபேட்டே தக்கது. கடன் நிலவரம் மட்டுமே ஐயமாக இருந்தால், இறந்தவரின் கடனுக்காக வழக்கிடும் காலம் பொதுவாக இறப்பிலிருந்து ஓராண்டில் முடிவதால், வரி போன்ற அரசுப் பாக்கி இல்லையென உறுதிசெய்துகொண்டு, 40 நாளில் விரையாமல் ஓராண்டு பொறுத்துப் பத்திரம் கொடுப்பதும் ஒரு வழியே.