நாயோடு ஒரு நாடோடிப் பயணம்: கேள்வி-பதில்

கேள்வி: ஜூலையில் மோட்டார்ஹோம் வாடகைக்கு எடுத்து வட இங்கிலாந்தில் லேக் டிஸ்ட்ரிக்ட், நார்தம்பர்லாந்து பக்கம் இரண்டு வாரம் சுற்றிவர ஆசை. எங்கள் லாப்ரடாருக்கு எட்டு வயது. வண்டிக்குள் அது சமாளிக்குமா? (வாசகி, குராய்டன்)

பதில்: உங்களைவிட நன்றாகவே சமாளிக்கும். அது வழக்கமாகப் படுக்கும் மெத்தையைத் துவைக்காமல் அப்படியே கொண்டுபோங்கள். முதல் இரவே குறட்டை விடும். ஓடும் வண்டியில் மட்டும் அவிழ்த்துவிடக் கூடாது. பெல்ட்டோ கூண்டோ வேண்டும் என்கிறது பிரிட்டிஷ் சாலை விதி. நீங்கள் கவலைப்பட வேண்டியது கதவைத் திறந்த பிறகு.

லேக் டிஸ்ட்ரிக்ட் மலைகளில் ஹெர்ட்விக் செம்மறிகள் வேலியில்லாமல் மேய்கின்றன. நாய் கடிக்கவே வேண்டாம், துரத்தினாலே 1953-ம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். தடுக்க வேறு வழியில்லாமல் விவசாயி நாயைச் சுட்டுவிட்டால், 1971-ம் ஆண்டுச் சட்டம் அவர் பக்கம்தான் நிற்கும். ‘எங்கள் செல்லம் சாதுவாயிற்றே’ என்பீர்கள். வீட்டில் சாதுதான், ஓடுகிற ஆட்டைக் கண்டால் அது வேறு நாய். பொதுமக்கள் நடக்க அனுமதியுள்ள திறந்தவெளி நிலங்களில் மார்ச் 1 முதல் ஜூலை 31 வரை லீஷ் 2 மீட்டருக்கு மேல் நீளக் கூடாது என்பதும் சட்டம். தரையில் கூடு கட்டும் பறவைகளுக்காக வந்த ஏற்பாடு இது. உங்கள் பயணம் முழுக்க அதற்குள் வருகிறது.

மாடு விஷயத்தில் கதையே தலைகீழ். கன்றோடு நிற்கும் பசு நாயைக் கண்டால் முட்ட வரும். அப்போது லீஷை விட்டுவிடுங்கள். நாய் ஓடித் தப்பித்துக்கொள்ளும். அதைக் காப்பாற்றுகிறேன் என்று இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்பவர்தான் மிதிபடுவார். கன்று கண்ணில் பட்டாலே சுற்றிப் போய்விடுவது இன்னும் நல்லது.

அடுத்தது வெயில். நம்மூர்க்காரர்களுக்கு 22 டிகிரி ஒரு வெயிலாகவே தெரியாது. ஆனால் வெளியே அவ்வளவு இருந்தாலே மூடிய காருக்குள் ஒரு மணி நேரத்தில் 47 டிகிரி வரை ஏறலாம் என்று விலங்கு நல அமைப்பான ஆர்.எஸ்.பி.சி.ஏ. எச்சரிக்கிறது. மோட்டார்ஹோமும் தகரப் பெட்டிதான். ‘பத்து நிமிடம் கடைக்குப் போய்வருகிறோம்’ என்று பூட்டிவிட்டுப் போகாதீர்கள், ஒருவர் நாயோடு வெளியே நிற்கட்டும். பப்புக்குச் சாப்பிடப் போனால் அந்தச் சங்கடம் இல்லை. கிராமத்துப் பப்புகள் பலவற்றில் நாய்க்கும் இடமுண்டு, வாசலிலேயே தண்ணீர்க் கிண்ணம் இருக்கும்.

இரவில் கண்ட இடத்தில் நிறுத்தித் தூங்க முடியாது. நிலத்துக்காரர் அனுமதி வேண்டும். டார்ட்மூர் தேசியப் பூங்காவில் தங்கலாம் என்று 2025-ல் பிரிட்டிஷ் உச்ச நீதிமன்றம் சொன்னதே என்றால், அது கூடாரத்துக்கு, வண்டிக்கு அல்ல. கேரவன் அண்ட் மோட்டார்ஹோம் கிளப்பில் உறுப்பினராகிவிட்டால் ஐந்து வண்டிகள் மட்டுமே நிற்கும் சின்னப் பண்ணை முகாம்களில் தங்கலாம். குளியலறை, கழிப்பறை பல இடங்களில் இருக்காது. வண்டியில் உள்ளதை வைத்துத்தான் ஓட்ட வேண்டும். ஆனாலும் பெரிய முகாம்களின் இரைச்சலைவிட நாய்க்கு இதுதான் சுகம். என் ஓட்டு இதற்கே.

பாதையில் இரண்டு எச்சரிக்கை. லேக் டிஸ்ட்ரிக்டின் ஹார்ட்நாட் கணவாய் மூன்றடிக்கு ஓரடி ஏறும், ஒரு வண்டி மட்டுமே போகும் அகலமுள்ள சாலை. காருக்கான வழிகாட்டிச் செயலி அதில் தள்ளிவிட்டால் திரும்பவும் இடமிருக்காது. நார்தம்பர்லாந்தில் ஹோலி ஐலண்டுக்குப் போகும் சாலையைத் தினமும் இருமுறை கடல் மூடுகிறது. கவுன்சில் வெளியிடும் நேர அட்டவணையைப் பார்க்காமல் சக்கரத்தை வைக்காதீர்கள்.

கேள்வி: மகனைப் பார்க்க லண்டன் போகிறோம். அவனோடு மூன்று வாரம் இப்படிச் சுற்ற, எங்கள் நாயையும் இங்கிருந்து அழைத்துப் போகலாமா? (வாசகர், கோவை)

பதில்: வேண்டாம். மைக்ரோசிப், ரேபிஸ் தடுப்பூசி, 30 நாள் கழித்து ரத்தப் பரிசோதனை, ரத்தம் எடுத்த தேதியிலிருந்து மூன்று மாதக் காத்திருப்பு. இப்போதுதான் முதல் ஊசி போடுகிறீர்கள் என்றால் நான்கு மாதம் இதற்கே போய்விடும். போதாக்குறைக்கு விமானத்தில் உங்களோடு வராது, சரக்காகத்தான் வரும். மூன்று வாரச் சந்தோஷத்துக்கு அதை இந்தப் பாடு படுத்தாதீர்கள். நம்பிக்கையான உறவினர் வீட்டில் விட்டுச் செல்லுங்கள்.

கேள்வி: சாதாரண கார் லைசென்ஸ் போதுமா? (வாசகர், லெஸ்டர்)

பதில்: டீசல் மோட்டார்ஹோம் என்றால் 3,500 கிலோ வரை போதும். அது வெறும் வண்டியின் எடையல்ல. ஆட்கள், நாய், சாமான், தண்ணீர் எல்லாம் சேர்த்து அனுமதிக்கப்பட்ட எடை. 100 லிட்டர் தொட்டியை நிரப்பினால் அங்கேயே 100 கிலோ போயிற்று. புறப்படும்போது கால் தொட்டி போதும், மீதியை முகாமில் பிடித்துக்கொள்ளுங்கள்.