சிலிண்டரைத் தூக்கும் முன்

கும்மிடிப்பூண்டி, பொன்னேரி, திருவள்ளூர் வட்டாரங்களில் ஃபிரிட்ஜ் பழுதுபார்க்கும் தொழிலில் புகும் இளைஞருக்கு,

கூலிங் குறைந்த பழைய ஃபிரிட்ஜ் ஒன்றின் முன் நிற்கும்போது மெக்கானிக்குக்கு முதலில் தோன்றும் காரணம் கேஸ் குறைவு என்பதே. வீட்டுக்காரரும் பெரும்பாலும் அதையே கேட்கத் தயாராக இருப்பார். ஆனால், வீட்டு ஃபிரிட்ஜின் குளிரூட்டும் சுற்று முழுவதும் பற்றவைத்து மூடப்பட்டிருப்பதால் அதனுள் இருக்கும் வாயு எரிந்தோ தேய்ந்தோ தீர்வதில்லை. அது குறைந்திருந்தால் எங்கோ ஓட்டை விழுந்திருக்கிறது. அந்த ஓட்டையைத் தேடாமல் கேஸ் ஏற்றிவிட்டுப் போகிறவர் ஒரே பழுதுக்கு இரண்டு முறை கூலி வாங்கத் திட்டமிடுகிறார் என்றே சொல்ல வேண்டும். எனவே கேஸ் கடைசியாகச் சந்தேகிக்கப்பட வேண்டியது. அதற்கு முன்னால் பார்க்க வேண்டியவை பல உள்ளன என்பதே இக்கடிதத்தின் பொருள்.

சுற்றின் இயக்கம் எளியது. கம்ப்ரசர் வாயுவை அழுத்திச் சூடாக்கிப் பின்புறக் கம்பிவலையான கண்டன்சருக்கு அனுப்புகிறது. அங்கே வெப்பத்தை இழந்து திரவமாகும் அது, ஈரத்தை உறிஞ்சும் ஃபில்டரைக் கடந்து, கேப்பிலரி என்னும் மயிரிழைத் துளை கொண்ட செம்புக்குழாயில் நுழைந்து அழுத்தம் இழக்கிறது. பிறகு ஃப்ரீசரைச் சுற்றியுள்ள கூலிங் காயிலில் கொதித்து ஆவியாகி, உள்ளிருக்கும் வெப்பத்தை உறிஞ்சிக்கொண்டு கம்ப்ரசருக்குத் திரும்புகிறது. இந்தச் சங்கிலியில் எந்த இடத்தில் வெப்பம் கைமாறவில்லை என்று கேட்பதே பழுதறிதல்.

முதற்கேள்வியைப் பெட்டிக்கு வெளியே கேட்க வேண்டும். சிப்காட் வளாகத்தைச் சுற்றி வாடகைக்கு விடப்படும் ஒற்றையறைகளில் ஃபிரிட்ஜ் அடுப்புக்கு அருகிலும் சுவரோடு ஒட்டியும் நிற்பது வழக்கம். இரும்புருக்கு ஆலைகளின் தூசும் சமையல் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்து கண்டன்சரைப் போர்த்திவிட்டால், எவ்வளவு கேஸ் இருந்தாலும் வெப்பம் வெளியேறாது. பழவேற்காட்டுப் பக்கத்தில் உப்புக்காற்று இதே கண்டன்சரின் இரும்புக்குழாயை அரிக்கிறது. அங்கே துருவைச் சுரண்டிப் பார்ப்பது தேர்வின் ஒரு பகுதி. கதவின் கேஸ்கட்டில் ஒரு ரூபாய்த்தாளை வைத்து மூடி இழுத்தால் அது தடையின்றி வருமிடத்தில் வெளிக்காற்று நுழைகிறது என்று அறியலாம். கையால் தொட்டுக் கூலிங்கை மதிப்பிடும் பழக்கத்தை விட்டு, ஒரு குவளை நீரில் வெப்பமானியை இட்டு இரவு முழுதும் வைத்துப் பார்க்க வேண்டும். கீழ்த்தட்டில் 3 முதல் 5 டிகிரி செல்சியஸ் வரை காட்டினால் அப்பெட்டியில் கோளாறு இல்லை.

அடுத்தது மின்சாரம். சில நிமிடங்களுக்கு ஒருமுறை கம்ப்ரசர் முனகி, 'டிக்' என்ற ஒலியுடன் அடங்கினால், தொடக்கச் சுருளுக்கு மின்சாரம் தரும் ரிலேயையும், அதிகச் சூட்டில் இணைப்பைத் துண்டிக்கும் ஓவர்லோடையும், அவற்றுக்கும் முன்னதாகச் சுவர் பிளக்கில் வரும் வோல்ட்டேஜையும் அளக்க வேண்டும். 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 180-க்குக் கீழே இறங்கும் கோடை இரவுகளில் நல்ல கம்ப்ரசரே தொடங்கத் திணறும். கம்ப்ரசரின் மூன்று பின்களுக்கிடையே மல்ட்டிமீட்டரால் அளக்கையில், பொதுப்பின்னுக்கும் ஓடுசுருளுக்கும் 12 ஓம், பொதுப்பின்னுக்கும் தொடக்கச்சுருளுக்கும் 20 ஓம் என்றால், மற்ற இரு பின்களுக்கிடையே 32 ஓம் வர வேண்டும்; கூட்டல் பொருந்தாவிட்டாலோ, எந்தப் பின்னுக்கும் உடலுக்கும் இடையே தொடர்ச்சி காட்டினாலோ சுருள் போய்விட்டது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் சென்னையிலும் திருவள்ளூர் மாவட்டத்திலும் வீடுகளுக்குள் நீர் புகுந்ததைப் போன்ற வெள்ளத்துக்குப் பின் கொண்டுவரப்படும் பெட்டிகளுக்கு, ரிலேயைக் கழற்றி உலர்த்தி இந்தச் சோதனையை முடிக்கும்வரை மின்சாரம் தரலாகாது.

கம்ப்ரசர் ஓடியும் குளிர் இல்லையென்றால், உறைபனி படியும் விதத்தைப் படிக்கக் கற்க வேண்டும். இத்தொழிலின் நுட்பம் முழுவதும் இங்கேதான் இருக்கிறது. பனியை முழுதும் உருகவிட்டுத் துடைத்து, ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஓடவிட்டுப் பார்த்தால், கேப்பிலரி நுழையும் முனையில் மட்டும் பனி பிடித்து மீதிப் பரப்பு வெறுமையாக இருப்பது கேஸ் குறைவின் அடையாளம். சில மணி நேரம் நன்றாகக் குளிர்ந்து, பிறகு நின்று, அணைத்துப் போட்டால் மறுபடி குளிரும் பெட்டியில் ஈரம் புகுந்திருக்கிறது. அந்த நீர்த்துளி கேப்பிலரி வாயில் உறைந்து அடைத்துக்கொள்கிறது. வெந்நீரில் நனைத்த துணியை அவ்விடத்தில் வைத்ததும் 'உஸ்' என்ற ஒலி திரும்பக் கேட்டால் ஐயம் தீர்ந்தது. பனி கூலிங் காயிலைத் தாண்டித் திரும்புகுழாய் வழியே கம்ப்ரசர் வரை வந்திருந்தால் கேஸ் கூடுதல். அது பெரும்பாலும் முன்பு வந்த மெக்கானிக்கின் தாராளம். கேஸ் குறைவையும் கம்ப்ரசரின் அழுத்துதிறன் தளர்ந்ததையும் வெளித்தோற்றத்தால் மட்டும் பிரிப்பது கடினம். இரண்டிலும் கண்டன்சர் வெதுவெதுப்பாகவே இருக்கும். உறிஞ்சுபக்க அழுத்தம் கேஸ் குறைவில் தாழ்ந்தும், தளர்ந்த கம்ப்ரசரில் உயர்ந்தும் நிற்பதைக் கேஜ் காட்டிவிடும். ஃப்ரீசர் குளிர்ந்து கீழ்த்தட்டு மட்டும் சூடாக இருக்கும் ஃப்ராஸ்ட்-ஃப்ரீ வகைகளில் சுற்றைத் தொடவே வேண்டியதில்லை. பலகைக்குப் பின்னால் மறைந்த காயில் பனிக்கட்டியால் அடைபட்டிருக்கும், அதை உருக்க வேண்டிய டைமர், பைமெட்டல், ஹீட்டர் ஆகிய மூன்றில் ஒன்று பழுதாகியிருக்கும். ஒரு நாள் அணைத்து வைத்தால் சரியாகிச் சில நாளில் மீண்டும் கெடுவதாக வீட்டார் சொல்வதே இதற்குச் சான்று.

ஓட்டைதான் என்று உறுதியான பிறகே சுற்றைத் திறக்க வேண்டும். ஒற்றைக் கதவுப் பெட்டிகளில் முதலில் பார்க்க வேண்டிய இடம் ஃப்ரீசரின் அலுமினியத் தகடு. ஒட்டிக்கொண்ட பாலைப் பெயர்க்கக் கத்தியால் குத்திய காயம் அங்கே இருக்கும். உலர் நைட்ரஜனை அழுத்தி ஏற்றிச் சோப்பு நுரையால் ஓட்டையைத் தேட வேண்டும். ஆக்ஸிஜனை எக்காரணத்துக்கும் ஏற்றலாகாது, கம்ப்ரசர் எண்ணெயுடன் சேர்ந்து அது வெடிக்கும். சுற்றைத் திறந்தால் ஃபில்டரை மாற்றியே ஆக வேண்டும். இக்கடலோரக் காற்றின் ஈரம் புது ஃபில்டரையும் விரைவில் கெடுக்குமாதலால், அதன் மூடியைப் பற்றவைக்கும் நேரத்தில்தான் கழற்ற வேண்டும். பெட்டியின் கம்ப்ரசரையே வாக்குவம் பம்பாக ஓட்டும் குறுக்குவழி ஊரெங்கும் இருக்கிறது. ஆனால் ஈரத்தை அகற்றத் தேவையான 500 மைக்ரான் வெற்றிடம், அதாவது வளிமண்டல அழுத்தத்தில் ஏறத்தாழ 1,500-இல் ஒரு பங்கு, உரிய வாக்குவம் பம்பால்தான் கிடைக்கும்.

எந்த வாயு என்பதைப் பெட்டியின் வயதும் பெயர்ப்பலகையும் சொல்லும். மேட்டூரில் கெம்பிளாஸ்ட் ஆலையிலும் தயாரான குளோரோஃபுளோரோகார்பன் வகையைச் சேர்ந்த ஆர்-12, ஓசோன் படலத்தை அரிப்பதால் 1987-இன் மான்ட்ரியல் உடன்படிக்கையின்கீழ் விலக்கப்பட்டது. இந்தியாவில் புதுப் பெட்டிகளில் 2003 முதல் அது இடம்பெறவில்லை, உற்பத்தியும் 2008-இல் நின்றது. அதற்குப் பின் வந்த ஆர்-134ஏ வேறு வகை எண்ணெயோடு இயங்குவதால் அதைப் பழைய ஆர்-12 சுற்றில் அப்படியே ஏற்றினால் எண்ணெய் கம்ப்ரசருக்குத் திரும்பாது. இப்போது பரவலாக உள்ள ஆர்-600ஏ என்பது ஐசோபியூட்டேன். சமையல் எரிவாயுவின் உறவினம், எளிதில் தீப்பற்றுவது, காற்றைவிடக் கனமானதால் தரையில் தேங்குவது. அச்சுற்றில் வாயு எஞ்சியிருக்கும்போது டார்ச் பற்றவைக்கலாகாது. கதவு சன்னல்களைத் திறந்து, வாயுவை வெளியே குழாய்வழி போக்கி, நைட்ரஜனால் கழுவிய பிறகே நெருப்பு. சில இடங்களில் அடுப்பு சிலிண்டரிலிருந்தே நிரப்புகிறார்கள். அதன் கலவை நிலையானதன்று, ஈரமும் உண்டு, அது தொழிலே அன்று. ஆர்-600ஏ ஏற்றும் அளவு ஐம்பது கிராம் அளவிலேயே இருப்பதால் சில கிராம் பிழையும் கூலிங்கைக் கெடுக்கும். கேஜைப் பார்த்து ஊகிக்காமல் டிஜிட்டல் தராசில் எடைபோட்டே ஏற்ற வேண்டும்.

இத்தொழிலைக் கற்றவருக்கு ஆலை வேலையும் அருகில் உண்டு. கும்மிடிப்பூண்டிக்கு அருகே பெருவாயலில் ஏசியும் கம்ப்ரசரும் செய்ய மிட்சுபிஷி எலக்ட்ரிக் 1,891 கோடி ரூபாய் முதலீட்டுக்கு 2023-இல் தமிழக அரசுடன் ஒப்பந்தம் செய்தது. ஆந்திர எல்லைக்கு அப்பால் ஸ்ரீசிட்டியில் டைக்கினும் புளூ ஸ்டாரும் ஆலை வைத்துள்ளன. ஐடிஐ முடித்தவர்களை அவை ஈர்ப்பது இயல்பு. ஆனால் தொகுப்புவரிசையில் ஒருவர் ஒரே இணைப்பை நாளெல்லாம் பார்க்கிறார். சுற்று முழுவதையும் ஒருவரே படிக்கும் வாய்ப்பு பழுதுபார்க்கும் இடத்தில்தான் கிடைக்கிறது. ஆலைக்குப் போக எண்ணுபவரும் முதலில் ஓரிரு ஆண்டு அங்கே இருப்பது நல்லது.

எல்லாப் பெட்டியையும் காப்பாற்ற முடியாது. ஃபோமுக்குள் புதைந்த குழாய் அரித்த பெட்டிக்கும், கம்ப்ரசர் இறுகிய இருபதாண்டுப் பெட்டிக்கும் செலவைக் கணக்கிட்டுச் சொல்லி, உரிமம் பெற்ற மின்கழிவு மறுசுழற்சியாளரிடம் ஒப்படைக்கச் சொல்லலாம். பழுது தீர்ந்த பெட்டியின் பின்புறத்தில், ஏற்றிய வாயுவின் பெயர், கிராம் அளவு, தேதி, ஓட்டை இருந்த இடம் ஆகிய நான்கையும் அழியாத மையால் எழுதி ஒட்ட வேண்டும். வாயு மாற்றப்பட்டிருந்தால், டார்ச்சோடு அடுத்து வருபவருக்கு அந்தத் துண்டுச்சீட்டைத் தவிர வேறு எச்சரிக்கை இராது.