நம்பிய வானொலி மாறிப்போனால்

 

ஒரு காலத்தில் ஆகாசவாணி செய்தி தொடங்கினால் டீக்கடையில் பேச்சு நின்றுவிடும். "ரேடியோவிலேயே சொல்லிட்டான்" என்றால் அதற்கு மேல் விவாதமில்லை. 1975 ஜூனில் நெருக்கடி நிலை வந்தது. தலைவர்கள் சிறையில் இருந்தார்கள். வானொலியிலோ அரசாங்கத்தின் புகழ். 'ஆல் இந்திரா ரேடியோ' என்று மக்கள் கேலி செய்தார்கள். சிற்றலையில் பிபிசியைத் தேடினார்கள்.

1984 அக்டோபர் 31 காலை பிரதமர் இந்திரா காந்தி சுடப்பட்டார். மேற்கு வங்கத்தில் சுற்றுப்பயணத்தில் இருந்த மகன் ராஜீவ் காந்தி டிரான்சிஸ்டரில் பிபிசியைத்தான் கேட்டுக்கொண்டு வந்தார். ஆகாசவாணி மரணத்தை அறிவித்தபோது மாலையாகிவிட்டது. ஸ்ரீபெரும்புதூரில் உங்கள் கம்பெனி பஸ் தாண்டிப் போகிறதே, அந்த நினைவிடம் அவருடையதுதான். பிரதமரின் மகனுக்கே அன்று நிலைமை அது.

சரி, நம்பியது மாறினால் என்ன செய்வது? ஹதீஸ்கலை இமாம்கள் இதைப் பார்த்தவர்கள். கூஃபாவின் அதாஉ இப்னுஸ் ஸாயிப் (ரஹ்) நம்பகமான அறிவிப்பாளர். கடைசிக் காலத்தில் நினைவு குழம்பியது. இதை 'இக்திலாத்' என்பார்கள். இமாம்கள் அவரை ஒரேயடியாக ஒதுக்கவில்லை. அவரிடம் யார், எப்போது கேட்டார்கள் என்று விசாரித்தார்கள். ஷுஃபாவும் சுஃப்யான் ஸவ்ரீயும் முன்பே கேட்டவர்கள், ஏற்றார்கள். ஜரீர் பிந்திக் கேட்டவர், தயங்கினார்கள். அதாஉ அவர்களுக்கு முதுமை, வானொலிக்கு அதிகாரத்தின் கை. இரண்டும் ஒன்றல்லதான், ஆனால் விசாரிக்கும் முறை ஒன்றே. புயல் எச்சரிக்கையா, ஆகாசவாணியைக் கேளுங்கள். அரசாங்கத்தைப் பற்றிய செய்தியா, இன்னொரு இடத்திலும் கேளுங்கள்.

நம்மில் பலர் செய்வது வேறு. ரேடியோவும் பொய், டிவியும் பொய் என்று சொல்லிவிட்டு, யார் பேசியது என்றே தெரியாத வாட்ஸ்அப் செய்தியை நம்புகிறோம். ஹுஜுராத் சூராவின் 6-வது வசனம், தீயவன் கொண்டுவரும் செய்தியைக்கூட மறுத்துவிடு என்று சொல்லவில்லை; தீர விசாரிக்கச் சொல்கிறது, தெரியாமல் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கு செய்துவிடாதபடி.

2021 டிசம்பரில் பாக்ஸ்கான் பெண் தொழிலாளர்களின் விடுதியில் உணவு நஞ்சாகி 150-க்கும் மேற்பட்டோர் மருத்துவமனைக்குப் போனார்கள். அது உண்மை. சிலர் இறந்துவிட்டார்கள் என்றும் பரவியது. அது பொய். தோழிகள் எங்கே என்று நம்பும்படி சொல்ல ஆளில்லாமல் அந்தப் பெண்கள் பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்ததில் நியாயம் இருந்தது. கையில் வந்ததை அப்படியே தள்ளிவிட்டவர்களுக்கு என்ன நியாயம்? தூரத்து மாவட்டங்களில் அதைக் கேட்டு, மகளுக்குப் போன் போட்டு, அவள் எடுக்காமல் பதறிய தாய் தகப்பன் எத்தனை பேரோ!